கப்பலில் இருந்த அந்தத் தம்பிக்கும், மற்ற எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

நடுக்கடலில் ஆபத்தில் சிக்கி, ஒரு வெளிநாட்டுக் கப்பல் மீட்ட எங்கள் படகு ஆட்கள் அத்தனை பேரும் ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள். என்ன நடந்தது என்று நீரோடி முதல் இரயுமன்துறை வரை தெரியாதவர் இல்லை. அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றி சொல்வதை மட்டும் ஆறப்போடக் கூடாது என்றார் அம்மா. அப்பா உள்ளே தூங்குகிறார். நான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி கப்பலில் இருந்த அந்தப் பிலிப்பைன்ஸ் தம்பிக்கு. பெயர் தெரியும். இங்கே போட்டால் அவர் வேலைக்கு ஏதும் சங்கடம் வருமோ என்று போடவில்லை.

கப்பலில் ஏற்றி, குளிக்க வைத்து, மாற்றுத் துணியும் கொடுத்த பிறகும் நம் ஆட்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். "உங்கள் நாட்டுக்குத் தகவல் சொல்லியாச்சு, வீட்டுக்கும் போய்ச் சேரும்" என்று கேப்டன் சொல்லியிருக்கிறார். அதன்படி எங்களுக்குத் தகவலும் வந்தது. ஆனால் ஓக்கிப் புயலைப் பார்த்த வீடுகளில் "மீட்டுவிட்டார்கள்" என்று யாரோ சொன்னால் உடனே மனம் நம்பிவிடாது. 2017 நவம்பர் 30-க்குப் பிறகு இந்தத் தெருக்களில் எத்தனை பட்டியல்கள் சுற்றின! ஒன்றில் பெயர் இருக்கும், அடுத்ததில் இருக்காது. குரலைக் கேட்டால்தான் நம்புவோம் என்று ஆகிவிட்டது. கடலில் இருந்த ஆட்களுக்கும் அது தெரியும். அதனால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தத் தம்பி டெக்கில் வேலை பார்ப்பவர். இவர்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு தன் போனை எடுத்து வந்திருக்கிறார். நடுக்கடலில் இன்டர்நெட் கிடைப்பது அவ்வளவு லேசில்லை. அந்தக் கப்பலில் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று அளந்துதான் டேட்டா கொடுப்பார்களாம். தீர்ந்தால் சொந்தக் காசில் வாங்க வேண்டும். மாலுமிகள் வீட்டாரோடு தொடர்பில் இருக்க வசதி செய்து தர வேண்டும் என்று கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம் வந்ததே 2022-இல்தான்.

நம் ஆட்களின் போன்கள் எல்லாம் கடலோடு போய்விட்டன. மனப்பாடமாக நம்பர் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான், அதுவும் அம்மாவின் நம்பர் மட்டும். அதனால் எல்லாருக்கும் எங்கள் வீட்டு போன்தான். அழைப்பு வந்ததும் என் தம்பி தெருவில் ஓடினான். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணாக எங்கள் முற்றத்துக்கு ஓடி வந்தார்கள். சின்னத்துறையிலிருந்து ஒரு அக்கா வர வேண்டியிருந்தது. அவர் ஆட்டோவில் வந்து சேரும்வரை அந்தத் தம்பி லைனை வெட்டவே இல்லை. போதும், வெட்டிவிடுங்கள் என்று அப்பா கையைக் காட்டியும் கேட்கவில்லையாம். யாரும் பேசாத நேரம் அது. எங்கள் முற்றத்து அழுகைச் சத்தம் மட்டும்தான் அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அந்தச் சத்தத்துக்குத் தன் டேட்டாவைக் கரைத்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு ஊரில் கைக்குழந்தை இருக்கிறதாம். அதன் முகத்தைப் பார்க்க மிச்சம் பிடித்து வைத்திருந்த டேட்டா அன்றோடு தீர்ந்தது. கொல்லத்துக்காரரான கப்பல் சமையல்காரர் மறுநாள் சொல்லித்தான் அப்பாவுக்கே தெரியும். தம்பி, எங்கள் முற்றத்தில் அன்று நின்ற அத்தனை பெண்களும் உங்கள் பிள்ளைக்காக ஜெபிக்கிறோம்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். பாதையைத் திருப்பிய கேப்டனுக்கு. வயர்லெஸ்ஸில் இரவெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே இருந்த பக்கத்துப் படகுகளுக்கு. மும்பையிலுள்ள கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கும் கடலோரக் காவல் படைக்கும். ஓமானின் சலாலாவில் இறக்கியபோது செருப்பும் பிரியாணியுமாக வந்து நின்ற தமிழ், மலையாளத் தொழிலாளர்களுக்கு. பாஸ்போர்ட் இல்லாத ஆட்களுக்கு அவசரச் சான்றிதழ் போட்டுத் தந்த தூதரகத்தாருக்கு. எங்களோடு விழித்திருந்த பங்குத்தந்தைக்கும் அன்பியத்து (பங்கின் சிறு ஜெபக்குழு) அக்காமாருக்கும்.

அப்பா கப்பலில் கேப்டனிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். இவ்வளவு தூரம் திரும்பி வந்தீர்களே, டீசல் செலவுக்கு நாங்கள் என்ன தர வேண்டும்? கேப்டன் சிரித்துவிட்டு, உயிருக்குக் கூலி கிடையாது என்றாராம். பெரிய மனசு என்றுதான் நாங்கள் நினைத்தோம். பெரிய மனசுதான், ஆனால் உலகச் சட்டமும் அதையே சொல்கிறது. காப்பாற்றப்பட்ட ஆளிடம் கூலி கேட்கக் கூடாது என்பது 1989-ஆம் ஆண்டின் மீட்பு ஒப்பந்தம். ஆபத்தில் இருப்பவர் எந்த நாட்டவர், எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்க்காமல் உதவ வேண்டும் என்கிறது 1979-இல் ஹாம்பர்க்கில் எழுதிய தேடுதல் மீட்பு ஒப்பந்தம்.

அதன் பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன். டைட்டானிக் மூழ்கியது 1912-இல். 1914 ஜனவரியில் நாடுகள் லண்டனில் கூடி, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கு முதல் ஒப்பந்தம் எழுதின. அதே ஆண்டு உலகப் போர் வெடித்ததால் அது நடைமுறைக்கு வராமலே போனது. 1929-இல் மறுபடி கூடி எழுதினார்கள். ஒன்றோடொன்று போரிட்டுச் செத்த நாடுகள் அந்த மேசையில் இருந்தன.

எங்கள் படகின் பீக்கன் (ஆபத்தில் உதவி கேட்கும் கருவி) அனுப்பும் சிக்னலைப் பிடிக்கும் செயற்கைக்கோள் ஏற்பாடும் அப்படித்தான் பிறந்தது. 1979-இல் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் சேர்ந்து அதற்குக் கையெழுத்துப் போட்டன. அமெரிக்காவும் சோவியத்தும் ஒன்றை நோக்கி ஒன்று அணு ஏவுகணைகளை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. 1982 செப்டம்பரில் அந்த ஏற்பாடு காப்பாற்றிய முதல் ஆட்கள் கனடாவில் விமானம் விழுந்து கிடந்த மூன்று பேர். சிக்னலைப் பிடித்தது சோவியத் செயற்கைக்கோள். நாடுகள் ஒன்றாகச் சேராது, சமாதானம் என்பது பேச்சுக்குத்தான் என்று யாராவது சொன்னால் இனி நான் சும்மா இருக்க மாட்டேன். கொடி லைபீரியாவுடையது, கேப்டன் கிரேக்கர், இன்ஜினியர் உக்ரைன்காரர். இப்படி ஒரு கப்பலிலிருந்து என் அப்பா இறங்கி வந்திருக்கிறார்.

ஆனால் இந்த நியாயம் எல்லாருக்கும் கிடைக்கிறதா? 2015 மே மாதம் அந்தமான் கடலில் ரோஹிங்யா மக்களின் படகுகள் தத்தளித்தபோது அரசாங்கங்கள் அவற்றைத் திருப்பி அனுப்பின. கடைசியில் அவர்களில் பலரைக் கரை சேர்த்தவர்கள் இந்தோனேசியாவின் ஆச்சே மீனவர்கள். 2004-இல் கொட்டில்பாட்டிலும் மேலமணக்குடியிலும் நம் சனங்களைக் கொண்டுபோன அதே கடல் அவர்கள் ஊர்களையும் அழித்தது. எந்த மாநாட்டிலும் உட்காராத அந்த மீனவர்களுக்கும் இந்தக் கடிதத்தில் நன்றி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஒரு நாட்டின் பொருளாதார மண்டலத்துக்குள் (மீன்வளம் அந்த நாட்டுக்கே சொந்தமான கடல் பகுதி) மீன்பிடித்த குற்றத்துக்கு, அந்த நாடுகளுக்குள் தனி உடன்பாடு இல்லாவிட்டால், சிறைத் தண்டனை தரக் கூடாது என்கிறது 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம். பிடித்த படகையும் ஆட்களையும், தகுந்த பிணை கட்டினால், தாமதமில்லாமல் விட வேண்டும் என்றும் சொல்கிறது. திசை மாறியும் காற்றடித்தும் மீன் பின்னால் போயும் எல்லை தாண்டிய நம் ஆட்கள் எத்தனை கரைகளில் சிறை கண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நம் கடலுக்குள் வந்து பிடிபட்ட இலங்கை மீனவர்களும் இங்கே சிறையில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டு முற்றத்திலும் பெண்கள் இப்படித்தானே நின்றிருப்பார்கள்.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். வெளிநாட்டில் பிடிபடும் நம் ஆட்களுக்காக நான் எழுதும் ஒவ்வொரு மனுவிலும், இங்கே பிடிபட்டிருக்கும் வெளிநாட்டு மீனவர்களையும் அதே சட்டப்படி நடத்த வேண்டும் என்று ஒரு பத்தி சேர்ப்பேன். நமக்குக் கேட்பதை அவர்களுக்கும் கேட்க வேண்டும். ஊரில் சிலருக்கு இது பிடிக்காது, தெரியும். சரி, பேசுவோம்.

முதல் மனு தயார். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் இருப்பேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் வாருங்கள். படகு வைத்திருப்பவர்கள் பீக்கன் பதிவுத் தாளையும் எடுத்து வாருங்கள். பெயரும் போன் நம்பரும் பழையதாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து மாற்றிவிடலாம்.

நன்றியுடன்,
தூத்தூரிலிருந்து,
ஒரு விசைப்படகு டிரைவரின் மகள்