சுவர் பூசும் முன்பே ஸ்பீக்கருக்கு இடம் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புது வீட்டில் ஹோம் தியேட்டர் அமைப்பது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை வாட், என்ன விலை என்பதையெல்லாம் விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, பெட்டிகளை அறைக்குள் எங்கே வைப்பது என்பதை மட்டும் ஒரே வரியில் முடித்துக்கொண்டது. அடிநாதத்தை, அதாவது தாழ்ந்த ‘பேஸ்’ ஒலியைப் பொறுத்தவரை நம் காதுக்கு வந்து சேருவது பெட்டியின் தரத்தைவிட அறையின் குணம்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் இப்போது கட்டப்படும் வீடுகளில் பத்துக்குப் பத்து அறையும் பத்தடி உயரக் கான்கிரீட் தளமும் சாதாரணமாகிவிட்டன. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் வேகத்தில் செல்லும். பத்தடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கு நடுவே அது சுமார் 57 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 57 அதிர்வு) தானாகவே முழங்கத் தொடங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாகவே அமைந்துவிட்டால் மூன்று முழக்கங்களும் ஒரே இடத்தில் வந்து விழும். அகலம் ஒன்பதடி என்றால் அது 64 ஹெர்ட்ஸ். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் தம்புராவில் மிகத் தாழ்ந்து ஒலிக்கும் மந்தரத் தந்தி ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. திருவையாறு ஆராதனை ஒலிபரப்பை அத்தகைய அறையில் கேட்டால் அந்த ஒரு தந்தி மட்டும் பூதாகாரமாக ஒலிக்கும். தவிலின் தொப்பியில் விழும் கழியடிகளும் ஒன்றோடொன்று குழைந்து வெறும் இரைச்சலாகிவிடும். முற்றம் திறந்திருந்த பழைய ஓட்டு வீட்டுக் கூடங்களில் இந்தத் தொல்லை பெரிதாக இருந்ததில்லை. அடிநாதம் வெளியேற அங்கே வழி இருந்தது.

பொருத்த வருபவர்கள் பெரும்பாலும் அடிநாதத்துக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டியை டி.வி. ஷோகேஸுக்குக் கீழே மூலையில் தள்ளிவிட்டு, மற்ற ஸ்பீக்கர்களை மேல்தளத்தை ஒட்டி மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அறையின் எல்லா முழக்கங்களையும் ஒருசேர எழுப்பிவிடும் இடம் மூலை. சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் அது இன்னும் மிகையாகத் தெரியும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தாலோ முதல் முழக்கம் காணாமலே போய்விடும். ஆகவே நாம் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, பழகிய ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து தவழ்ந்து, எந்த இடத்தில் ஒவ்வொரு அடியும் சமமாகக் கேட்கிறதோ அங்கே அதைக் கொண்டுபோய் வைப்பதே சிறந்த வழி. வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முன்னிரு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும்; மேல் ஸ்தாயி ஒலியைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். தரையில் கோரைப்பாய் விரித்தால் மேல் ஸ்தாயி ஒலி காதைக் கூசவைப்பது குறையுமே தவிர, 57 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்றும் செய்யாது.

அண்டை வீட்டாரையும் நினைக்க வேண்டும். அக்கிரகாரத்திலும் பழைய தெருக்களிலும் இரு வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒட்டி சப்வூஃபரை வைப்பது அடுத்த வீட்டுக்குள் வைப்பதற்குச் சமம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று வரம்பு விதித்திருந்தாலும், அந்த அளவீட்டு முறை 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 30 டெசிபல் குறைத்தே கணக்கிடுகிறது. கருவி வரம்புக்குள் என்று காட்டும்போதும் பக்கத்து வீட்டுப் பாத்திரம் அதிரலாம்.

என் வேண்டுகோள் வீடு கட்டுவோருக்கும் பொறியாளர்களுக்கும்தான். கன்சீல்டு வயரிங் செய்யும்போது பிளக் பாயிண்டை மூலைகளில் மட்டும் வைக்காமல், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வையுங்கள். ஸ்பீக்கர் ஒயர் செல்ல ஒரு காலிக் குழாயையும் அப்போதே பதித்துவிடுங்கள். இரண்டு சப்வூஃபர் வாங்குவோருக்கு எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகள் மிகப் பொருத்தமானவை. ஐப்பசி, கார்த்திகையில் தரை ஓதம் காக்கும் நம் பகுதியில் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைப் பெட்டி அடியில் உப்பிவிடும் என்பதால், அதற்கு ஒரு சிறு கல்மேடையும் ரப்பர் கட்டைகளும் சேர்த்துக் கேட்டு வாங்குவது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.