அவசரகால ஜெனரேட்டர்களுக்கு நீங்கள் பொருத்திய புகைவடிகட்டிகள் குறித்த புகார்

மதிப்பிற்குரிய விற்பனைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் நகர மன்றத்தின் நான்கு அவசரகால டீசல் ஜெனரேட்டர்களில் உங்கள் நிறுவனம் பொருத்திய புகைவடிகட்டிகள் பற்றி நான் எழுதும் ஆறாவது கடிதம் இது. முந்தைய ஐந்துக்கும் "கவனிக்கிறோம்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. வடிகட்டியின் மாடல் எண்ணை மறுபடியும் எழுதப்போவதில்லை. விற்றவர்களுக்கு அது தெரியும்.

வாங்கும் விலைக்கு மேல் ஆண்டுதோறும் என்ன செலவாகும் என்று கேட்டபோது, "ஒன்றுமே ஆகாது" என்றார் உங்கள் விற்பனையாளர். அதை நம்பித்தான், புகையின் நச்சு வாயுக்களை மாற்றினாலும் கரித்துகளை அவ்வளவாகப் பிடிக்காத, ஆனால் விலை குறைந்த ஆக்சிகரண வினையூக்கியை ஒதுக்கிவிட்டு இதைப் பரிந்துரைத்தேன். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இலேயே வகைப்படுத்திவிட்டது. ஜெனரேட்டர் அறைக்கு மேலே குடியிருப்பாளர்களின் சன்னல்கள் இருக்கும்போது செலவழிக்க நாங்கள் தயங்கவில்லை.

ஆனால் வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்து தீர வேண்டுமானால், வினையூக்கி பூசிய இவ்வகைக்கே புகை ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நெடுநேரம் செல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாதா? மாதம் ஒருமுறை, அரைமணி நேரம், மின்சுமையே இல்லாமல் ஓட்டிச் சோதிக்கப்படும் இயந்திரம் அந்த வெப்பத்தை எப்படி எட்டும்? பதினொரு மாதங்களில் நான்கும் அடைத்துக்கொண்டன. இப்போது, இயந்திரத்துக்குப் போலி மின்சுமை கொடுத்துப் புகையைச் சூடாக்கும் செயற்கைச் சுமைக் கருவியை வாடகைக்கு எடுத்து ஓட்டச் சொல்கிறீர்கள். வாடகை, டீசல், ஆட்கூலி எல்லாம் சேர்த்து ஒரு முறைக்கு 2,600 சிங்கப்பூர் வெள்ளி ஆகிறது. உங்கள் விலைப்புள்ளியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆகக் கொடுமையானது துவாஸில் இருக்கும் உங்கள் சேவை நிலையத்துக்கு நான் போன பயணம்தான். காலை ஒன்பது மணிக்கு வரச்சொன்ன உங்கள் சேவை அதிகாரி, தீவின் மறுகோடியிலிருந்து மழையில் வந்து சேர்ந்த என்னைப் பதினொன்றரை வரை நிற்கவைத்துவிட்டு, "வடிகட்டியைக் கழற்றிக் கொண்டுவரவில்லையா? உங்கள் டீசல்தான் சரியில்லை" என்றார். அவ்வளவு கனமான பொருளைப் பேருந்திலா தூக்கி வருவது? நாங்கள் வாங்குவது 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு மட்டுமே கந்தகம் உள்ள டீசல். அதற்கான ரசீதை நீட்டியும் அவர் திறன்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதற்கும் முன்பு, எச்சரிக்கை விளக்கு முதன்முதலில் எரிந்தபோது வந்த உங்கள் தொழில்நுட்பர் அந்த விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

இதனால் எங்களுக்கு ஏற்பட்ட இழப்பு லட்சம் வெள்ளியைத் தாண்டும், என் தூக்கத்துக்கு விலை போடாமலே.

உங்களோடு சண்டையிடுவது என் நோக்கமன்று. பத்து வேலை நாள்களுக்குள் செயற்கைச் சுமைக் கருவியோடு ஓட்டும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது வடிகட்டிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஆக்சிகரண வினையூக்கிகளைப் பொருத்தி, விலை வித்தியாசத்தைத் தாருங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் இக்கோப்பு எங்கள் வழக்கறிஞரிடம் செல்லும்; அடுத்த ஏலக்குத்தகையில் உங்கள் பெயர் வரும்போதும் இது மேசையில் இருக்கும்.

பதிலைத் தயவுசெய்து எழுத்தில் அனுப்புங்கள். அந்தச் சேவை அதிகாரியை என்னோடு பேசவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவு அதிகாரி