பீகாரை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் சமூக உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கரைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். சென்னைக் கல்லூரி ஒன்றில் முப்பது வருடம் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உளவியல் மாணவிகள் அவர் பெயரைச் சொல்லிப் புத்தகம் கேட்காத பருவத் தேர்வே கிடையாது. அதனால் ஆசையோடு உட்கார்ந்தேன். பாதியில் காபி ஆறிப்போய்விட்டது.

முதலில் ஒரு திருத்தம். 1959-இல் அவரும் சக ஆய்வாளர் கார்ல்ஸ்மித்தும் செய்த சோதனையில், 20 டாலர் வாங்கியவர்களுக்குத்தான் அந்த அலுப்பூட்டும் வேலை பிடித்துப்போனது என்று அச்சாகியிருக்கிறது. நேர்மாறு. ஒரு மணி நேரம் நூல்கண்டுகளை அடுக்கவும் கட்டையைத் திருப்பவும் சொல்லிவிட்டு, 'வேலை சுவாரசியமாக இருந்தது' என்று அடுத்து வருபவரிடம் பொய் சொல்லச் சொன்னார்கள். 20 டாலர் வாங்கியவருக்குக் காசுக்காகச் சொன்னேன் என்ற சமாதானம் இருந்தது. ஒரே ஒரு டாலர் வாங்கியவருக்கு அதுவும் இல்லை. வேலை உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டார். நம்புவதும் செய்வதும் முட்டிக்கொண்டால் மனம் தனக்கொரு சமாதானம் தேடிக்கொள்ளும் என்கிற அவருடைய 'அறிவுசார் முரண்பாடு' (cognitive dissonance) கோட்பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அதைத் தலைகீழாகப் போட்டால் மிச்சம் என்ன?

அச்சுப்பிழை என்று அதை விட்டுவிடலாம். என் மனக்குறை வேறு. அயோவாவில் உளவியலாளர் கர்ட் லெவினிடம் படித்தது, எம்.ஐ.டி., மிச்சிகன், மின்னசோட்டா, ஸ்டான்ஃபோர்டு என்று ஊர் ஊராகப் போனது, பிற்காலத்தில் சமூக உளவியலையே விட்டுவிட்டுக் கண்பார்வை ஆராய்ச்சிக்கும் பிறகு தொல்லியலுக்கும் தாவியது, எல்லாம் கட்டுரையில் இருக்கிறது. பீகார் மட்டும் இல்லை.

1934 ஜனவரி 15 பிற்பகல் பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தில் முங்கேர் நகரம் தரைமட்டமானது. அதன்பின் மக்கள் வாயில் உலாவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற நம் நாட்டு உளவியலாளர் திரட்டி, 1935-இல் பிரிட்டிஷ் உளவியல் இதழில் வெளியிட்டார். கங்கை நீர் மறைந்து, குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்தார்கள். பாட்னாவில் 18, 19 தேதிகளில் பெரும்புயல் அடிக்கும். 23-ஆம் தேதி ஆகாத நாள். பிப்ரவரி 26 பிரளயம். இப்படிப் போகிறது பட்டியல். (நம் ஊரும் அப்போது சும்மா இல்லை. ஹரிஜன யாத்திரையில் தமிழகத்தில் இருந்த காந்தி, ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமைப் பாவத்துக்கான தண்டனை இது என்றார். தாகூர் அதை மறுத்து எழுதினார். அதையும் பிரசாத்தின் பட்டியலில் சேர்க்கலாமா என்று என்னைக் கேட்காதீர்கள்.)

பல வருடம் கழித்து பிரசாத்தின் இந்தக் கட்டுரை ஃபெஸ்டிங்கரின் கையில் கிடைத்தது. நில அதிர்வை மட்டும் உணர்ந்து, சேதம் இல்லாமல் தப்பியவர்கள், இன்னும் பெரிய ஆபத்து வருகிறது என்று ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும்? பயத்தை யாராவது தேடிப்போவார்களா? அவருக்குத் தோன்றிய பதில்: பயம் முதலிலேயே வந்துவிட்டது. சுற்றிலும் பார்த்தால் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கிறது. அப்படியானால் எதற்கு இந்த நடுக்கம்? வதந்தி அந்த நடுக்கத்துக்கு ஒரு நியாயம் தேடிக் கொடுக்கிறது. பிறகு, 1950-இல் நடந்த டார்ஜிலிங் நிலச்சரிவை ஆராய்ந்த துர்கானந்த் சின்ஹாவின் கட்டுரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடிபாட்டுக்கு நடுவில் இருந்த அந்த மக்களிடம் நடந்ததைப் பெரிதுபடுத்தும் பேச்சு இருந்தது. இதைவிட மோசமானது வரப்போகிறது என்ற பேச்சு இல்லை. இந்தக் கோட்பாட்டைச் சொல்லி 1957-இல் வந்த ஃபெஸ்டிங்கரின் புத்தகத்துக்கு வித்து இதுதான். அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். எங்கள் நூலகப் பிரதியில் மற்ற அத்தியாயங்கள் முழுக்கப் பென்சில் கோடு. முன்னுரை மட்டும் புத்தம்புதிதாக இருக்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் மயிலாப்பூர் குடியிருப்பில் கரண்ட் இல்லை, ஆனால் வாசல்படி வரைகூடத் தண்ணீர் வரவில்லை. மொட்டைமாடியில் கூடிய நாங்கள் பேசிய பேச்சு இருக்கிறதே! செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது. 250 சென்டிமீட்டர் மழை வருமென்று நாசா சொல்லிவிட்டது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் வெளியேறிவிட்டன. ஒன்றுகூட உண்மையில்லை. முதலைச் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பியவள் நான்தான், மறைப்பானேன். முடிச்சூரில் கீழ்த்தளம் மூழ்கி மாடியில் உட்கார்ந்திருந்த என் தங்கைக்கும் சொன்னேன். "முதலை வந்தா வரட்டும்கா. ரெண்டு பால் பாக்கெட்டுக்கு வழி இருந்தா சொல்லு" என்றாள்.

எல்லாவற்றையும் இந்தச் சாவி திறந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஃபெஸ்டிங்கர் ஒப்பிட்டது இரண்டு வேறு ஊர், இரண்டு வேறு பேரிடர்; உறுதியான சான்று என்று அதைச் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 30 அன்று மறுபடி சுனாமி என்று நம் கடற்கரைக் குப்பங்களே வெறிச்சோடியபோது, ஓடியவர்கள் உண்மையில் அடிபட்டவர்கள். ஆனால் அன்று எச்சரித்தது மத்திய உள்துறை அமைச்சகம். அதை வதந்தி என்று எப்படிச் சொல்வது? ஃபெஸ்டிங்கரின் கோட்பாட்டைச் சோதிக்கும் ஒரு முறையை 39 ஆய்வகங்கள் சேர்ந்து மறுபடி செய்து பார்த்து 2024-இல் வெளியிட்டன. தன் கருத்துக்கு எதிராக எழுதியவர்களின் மனம் அந்தப் பக்கம் சாயத்தான் செய்தது. ஆனால் விரும்பி எழுதினாலும் சொன்னதற்காக எழுதினாலும் வித்தியாசம் தெரியவில்லை. கோட்பாட்டின்படி தெரிந்திருக்க வேண்டும். 'இன்றுவரை அசைக்க முடியாத சாதனை' என்று கட்டுரையாளர் முடித்திருப்பது அதனால் கொஞ்சம் அதிகம்.

துர்கானந்த் சின்ஹா பின்னாளில் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கி, மேல்நாட்டுக் கோட்பாடுகளை அப்படியே இறக்குமதி செய்யாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். அவருக்கும் ஜமுனா பிரசாத்துக்கும் உங்கள் இணைப்பில் ஆளுக்கு அரைப்பக்கம் கொடுக்கலாம். 20 டாலர் விஷயத்துக்கு மட்டும் இந்த வாரமே திருத்தம் போட்டுவிடுங்கள். தேர்வு நெருங்குகிறது, பிள்ளைகள் அதை அப்படியே எழுதிவைத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
மயிலாப்பூர், சென்னை.