சங்கராபரணிக் கரையில் எங்கள் சூளையை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளே,

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. பின்னாலேயே சங்கராபரணியும் கரைபுரள, வில்லியனூர்ப் பக்கம் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து நடத்தும் மண்பாண்டப் பட்டறையில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த அன்று வாசலைத் தாண்டி உள்ளே போகவே எங்களுக்குக் கால் வரவில்லை. இன்று அதே வாசலில் அடுத்த சுடலுக்கு விறகு அடுக்கியிருக்கிறோம். இடையில் வந்து நின்றவர்கள் அத்தனை பேருக்கும் நேரில் சொல்லித் தீரவில்லை, அதனால் இந்த மடல்.

முதல் நன்றி, மண்வெட்டியோடு வந்த தெருப் பிள்ளைகளுக்கு. தங்கள் வீடுகளே சேறாகக் கிடந்தபோது எங்கள் சேற்றை வாரிய பிள்ளைகள்! மதியம் சாம்பார் சாதம் கட்டிக் கொடுத்தனுப்பிய அவர்களுடைய அம்மாக்களையும் மறக்க மாட்டோம்.

அடுத்து, பொடிகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மெருகுப் பூச்சுக்கு நாங்கள் வைத்திருந்த பொடிகள் எல்லாமே வெள்ளை. ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், சுண்ணப் பொடி, சீனக் களிமண் என்று டப்பாக்களின் மேல் ஒட்டிய சீட்டுதான் அடையாளம். மேல் பரணில் இருந்த டப்பாக்கள் தப்பின, சீட்டுகள் கரைந்துவிட்டன. எது எது என்று தெரியாமல் கலந்தால் சூளைத் தட்டோடு பாண்டமும் ஒட்டிப் பாழாகும். எனக்குத் தொழில் கற்றுத்தந்த அக்கா, முட்டி வலியோடு பஸ் ஏறி வந்து, தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். அமிலம் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தது சுண்ணம். தண்ணீரில் குழைத்ததும் விரலுக்கு வழவழத்து உருண்டையாகப் பிடிபட்டது சீனக் களிமண். மீதி இரண்டையும் பொத்தான் அளவு தட்டித் தம் சூளைக்குக் கொண்டுபோனார். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தவை என் உள்ளங்கையில் இருந்தன. ஒன்று பால் நிறக் கண்ணாடியாக உருகியிருந்தது, அது ஃபெல்ட்ஸ்பார். மற்றது போன மாதிரியே பொடியாக உதிர்ந்தது, குவார்ட்ஸ். நனைந்து ஒட்டிப்போன எங்கள் செய்முறை நோட்டுக்குப் பதிலாகத் தம் நோட்டையே கொடுத்து, "எழுதிக்கொண்டு மெதுவாகத் திருப்பித் தா" என்றார்.

இந்தத் தாராளம் அவரோடு தொடங்கியதல்ல. 1971-ல் அமெரிக்க மண்பாண்டக் கலைஞர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில், மெருகு பூசாமல் விறகுத் தீயில் சுடும் பிசென் மரபில் பயின்றவர். மீக்கர், பச்சை மண்ணால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி, உள்ளே செங்கல் அடுக்கித் தீ மூட்டிச் சுட்டுப் பார்த்தவர். அவர்களிடம் உள்ளூர்த் தமிழர்கள் சக்கரம் பழகினார்கள், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள், அவர்களில் பலர் தனிப் பட்டறை வைத்தார்கள். அலங்காரத்தைக் குறைத்து, மண்ணும் நெருப்பும் தம் குணத்தைக் காட்ட விடும் நவீன மண்கலை இந்தக் கடற்கரையில் வேர் பிடித்தது அப்படித்தான். அக்கா அங்கே கற்றவர். அங்கே படிக்காத நானும் அந்த வீட்டுப் பிள்ளையாகவே என்னை நினைத்துக்கொள்கிறேன்.

சூளையைக் காப்பாற்றியவர் வேறொரு மரபுக்காரர். தலைமுறை தலைமுறையாகச் சுடுமண் வேலை செய்யும் வில்லியனூர் ஐயா. நாங்கள் 1280 டிகிரிக்கு மேல் சுடுகிறோம், அவர் சூளை அதில் பல நூறு டிகிரி குறைவு. ஆனால் ஈரத்தை அவர் அறிந்த அளவு நாங்கள் அறியவில்லை. உடனே தீ மூட்டப் பார்த்த எங்களைத் தடுத்து, "ஈரச் செங்கல்லை அதட்டாதீர்கள், கெஞ்சிக் காய வையுங்கள்" என்றார். ஒன்பது நாள், தேங்காய் மட்டையில் சிறு கங்கு மட்டும். தினமும் காலையில் வந்து சுவரில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், தலையசைப்பார், போவார். ஒரு செங்கல்கூட வெடிக்கவில்லை, ஐயா.

தம் தோப்பிலும் மரங்கள் சாய்ந்து கிடக்க, காய்ந்த சவுக்கு விறகை ஒரு லோடு கடனாக இறக்கிய மரக்காணத்து அண்ணனுக்கும் கைகூப்புகிறோம். மாசியில் முதல் சூளை. பதினாறு மணி நேரம், முறை வைத்து விறகு தள்ள ஐந்து பட்டறைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். விடியும் நேரத்தில் பார்வைத் துளைக்குள், வேண்டிய சூடு வந்ததும் வளையும் மண் கூம்புகளில் கடைசியானது தலை குனிந்ததைக் கண்டு யாரோ கத்திய சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து மாடுகள் மிரண்டன.

வாரிக் கொட்டிய வண்டலில் இரண்டு வாளியை அக்கா எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். ஆற்று வண்டலில் இரும்பு உண்டு. சலித்து, விறகுச் சாம்பல் கலந்து குவளைகளுக்குப் பூசினோம். விளிம்பில் துருப் பழுப்பும் அடியில் கருந்தேன் நிறமுமாக வந்திருக்கின்றன. உதவிய ஒவ்வொருவருக்கும் ஒன்று. பாதிப் பேர் வாங்கிவிட்டார்கள். மற்றவர்களுடையவை, அடியில் பெயர் கீறி, ஜன்னலோரத் தட்டில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் வாருங்கள், தேநீரும் அதிலேயே தருகிறோம்.

நெஞ்சு நிறைந்த நன்றியுடன்,
பட்டறையிலிருந்து ஆறு பேர்