ஒற்றை நாற்காலியால் ஆட்குறைப்பு நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயக்குநர் குழுவில் பெண்கள் இருந்தால் நிறுவனங்கள் ஆட்குறைப்புக்குத் தயங்கும் என்ற தங்கள் கட்டுரையைப் படித்தேன். செய்தி சரி. அதற்குத் 'தாயுள்ளம்' காரணம் என்று எழுதியிருப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இப்பேச்சின் வேர் நார்வேயில் இருக்கிறது. பெரிய பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர்களில் 40 விழுக்காட்டினர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அங்கே 2003இல் சட்டம் வந்தது. தாமாக மாறும்படி முதலில் அவகாசம் தந்தார்கள், பலிக்கவில்லை. 2008 தொடக்கத்துக்குள் நிறைவேற்றாத நிறுவனத்தைக் கலைத்துவிடலாம் என்று விதித்த பிறகே எல்லாரும் வழிக்கு வந்தார்கள். (இத்திட்டத்தை முன்வைத்தவர் கன்சர்வேடிவ் கட்சி அமைச்சர், ஓர் ஆண்!)

அதன் விளைவை ஆராய்ந்து, அமெரிக்கப் பொருளியலாளர்கள் டேவிட் மாட்சாவும் அமாலியா மில்லரும் 2013இல் கட்டுரை வெளியிட்டார்கள். சட்டத்துக்கு உட்படாத நிறுவனங்களோடு ஒப்பிட, இந்நிறுவனங்களில் ஆட்குறைப்பு குறைவு. சம்பளச் செலவு கூடியது, உடனடி லாபம் சரிந்தது. மற்றப் பெரும்பாலான முடிவுகளில் வேறுபாடு தெரியவில்லை. இதை இரக்கம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. தொழில் மந்தம் நீங்கியதும் தேர்ந்த தொழிலாளியை மறுபடி தேடிப் பிடித்துப் பழக்குவதற்கு ஆகும் செலவை அறிந்தவர், ஆணோ பெண்ணோ, அவரை அவசரப்பட்டு அனுப்பமாட்டார். பணியாளர் பிரிவில் காலம் கழித்தவன் நான். அந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறேன். வேறொன்றையும் மறைக்கக் கூடாது: அச்சட்டத்தால் கீழ்மட்டப் பெண் ஊழியர்களுக்குப் பெரிய பலன் கிட்டவில்லை என்றே பின்னர் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது.

நம் நாட்டுக்கு வருவோம். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு ஒரு பெண் இயக்குநரைக் கட்டாயமாக்கியது. கெடு நெருங்கியதும் பல நிறுவனங்கள் முதலாளியின் மனைவியையோ மகளையோ உட்காரவைத்துக் கணக்கை நேர் செய்தன. அதன் பிறகே, சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்களில் அந்தப் பெண் சார்பற்றவராக, அதாவது முதலாளி குடும்பத்தோடு தொடர்பில்லாதவராக, இருக்க வேண்டும் என்று 2020 ஏப்ரல் முதல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி விதித்தது. ஆறு பேருக்குக் குறையாத குழுவில் ஒருவர்! கையெழுத்துக்கு ஆட்குறைப்புக் கோப்பு வரும்போது அவர் எதை நிறுத்திவிட முடியும்?

நார்வேயில் இன்னொன்றும் உண்டு. 30 பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனத்தில், தொழிலாளர் கேட்டால், அவர்கள் தேர்ந்தெடுத்தவருக்கும் இயக்குநர் குழுவில் இடம் தர வேண்டும். நம் அரசமைப்பின் 43ஏ பிரிவும் நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பைப் பேசுகிறது. 1976இல் சேர்த்தார்கள், ஏட்டோடு சரி. இந்தியத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில், வேறெந்த மாநிலத்தையும்விட அதிகமானோர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்பதால் இது நமக்கு வெறும் நார்வே கதை அல்ல.

செபி இரண்டு காரியம் செய்யலாம். குழுவில் ஒரு பெண் என்பதை மூன்றில் ஒரு பங்காக்கலாம். ஆட்குறைப்புச் செய்யும் நிறுவனம், அது எந்தக் கூட்டத்தில் முடிவானது, சார்பற்ற இயக்குநர்கள் எப்படி வாக்களித்தார்கள் என்பதை ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும் என்றும் கட்டளையிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணியாளர் நல அலுவலர்,
அம்பத்தூர்