போர்டைத் தயாரிப்புக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு கனெக்டரையாவது வரையச் சொல்லுங்கள்

சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மின்னணுவியல் சொல்லித்தரும் தமிழ் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவர்கள் வேலைப் பயிற்சிக்கு எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளுக்கும் வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஸ்கிமேட்டிக் (மின்சுற்று வரைபடம்) போடுகிறார்கள், நாலு லேயர் போர்டில் அலட்டிக்கொள்ளாமல் ட்ரேஸ் இழுக்கிறார்கள், மைக்ரோகன்ட்ரோலர் விஷயத்தில் எனக்கே பாடம் எடுப்பார்கள். ஆனால் மென்பொருளின் லைப்ரரியில் இல்லாத ஒரு கனெக்டரை (கேபிள் செருகும் பாகம்) கையில் கொடுத்து இதற்கு ஃபுட்பிரிண்ட், அதாவது போர்டில் அது உட்காரும் துளைகளும் சால்டர் பிடிக்கும் பேட்களும் கொண்ட படம், வரைந்து வா என்றால், யாரோ வரைந்ததை இணையத்தில் தேடி எடுத்து அப்படியே போர்டில் வைத்துவிடுகிறார்கள். தயாரிப்பாளர் அளவுகளைத் தரும் டேட்டாஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாயா என்று கேட்டால் ஒரு சிரிப்புதான் பதில்.

ரெசிஸ்டருக்கு அது போதும், 0603 என்ற அளவுக் குறியீடு என்றால் யார் தயாரித்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஐசிக்களுக்கும் பெரும்பாலும் ஐபிசி-7351 என்ற ஃபுட்பிரிண்ட் தரநிலை கைகொடுக்கும். கனெக்டர் அப்படியில்லை, கம்பெனிக்குக் கம்பெனி, ஏன், ஒரே கம்பெனியில் வரிசைக்கு வரிசை மாறும்.

ஜேஎஸ்டி கம்பெனியின் எக்ஸ்ஹெச் வரிசைக் கனெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு இடைவெளி 2.5 மி.மீ. பிள்ளைகளுக்குப் பழகிப்போன சாதாரண ஹெடரிலோ (பின் வரிசை) அது 2.54. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நாலு பின் கனெக்டரில் கடைசிப் பின் 0.12 மி.மீ. தள்ளி விழும், கொஞ்சம் அழுத்தினால் இறங்கிவிடும், தப்பு நடந்ததே யாருக்கும் தெரியாது. அதே ஃபுட்பிரிண்டை நீட்டி 12 பின்னுக்குப் போட்டால் வித்தியாசம் 0.44 மி.மீ. ஆகிவிடும், அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் உட்காராது, வளைந்த பின்தான் மிச்சம். துளையிலும் இதே கதைதான். 0.64 மி.மீ. சதுரப் பின்னுக்கு 0.8 துளை தாராளம் என்று சொல்லும் பிள்ளைக்குச் சதுரத்தின் மூலைவிட்டம் கணக்குப் போடத் தெரியாமலா இருக்கும்? தெரியும், அது 0.9-ஐத் தாண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். துளைக்குள் செம்பு பூசிய பிறகு மிஞ்சும் அளவைத்தான் பார்க்க வேண்டும் என்பதையும் யாராவது ஒருமுறை சொல்லியிருக்க வேண்டும்.

இவையாவது பெரும்பாலும் போர்டு வந்ததும் தெரிந்துவிடும். எனக்குப் பயம் கண்ணாடிப் பிம்பமாக வரைந்த ஃபுட்பிரிண்டைப் பார்த்தால்தான். டேட்டாஷீட்டில் ஒரு படம் கேபிள் செருகும் முகத்திலிருந்து பார்த்ததாக இருக்கும், இன்னொன்று போர்டின் மேலிருந்து, மூன்றாவது அடியிலிருந்து, எது எது என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். படத்தை மாற்றிப் படித்தாலும் கனெக்டர் அழகாக உட்காரும், சால்டரும் நன்றாகப் பிடிக்கும், பவர் கொடுத்த பிறகுதான் 5 வோல்ட் கிரவுண்டில் போய் நிற்பது தெரியும். பட்டை கேபிள் கனெக்டர்களில் இன்னும் மோசம், தொடுமுனை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கினால் பின் வரிசையே தலைகீழ்.

அதனால் கேட்கிறேன், ஒரே ஒரு லேப் வகுப்பு ஒதுக்குங்கள். மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் (ஸ்குவேர் இல்லை, டவர்) விதவிதமாகக் கனெக்டர் வாங்கி ஆளுக்கு ஒன்று கொடுங்கள், அப்படியே தேக்காவுக்கு நடந்துபோய்ச் சாப்பிட்டும் வரலாம். கையில் ஒரு டிஜிட்டல் காலிப்பர், திரையில் டேட்டாஷீட், போர்டு வரையும் மென்பொருள் கிகேட் இலவசம்தான், லைப்ரரியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். பேட், துளை, முதல் பின்னின் அடையாளம் எல்லாம் அவர்களே வரையட்டும். பிடிமானத்துக்கு வரும் பிளாஸ்டிக் முளைகளுக்குச் செம்பு பூசாத துளை என்பதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். பாகத்தைச் சுற்றி விடும் காலி இடத்துக்கு கிகேட் லைப்ரரி விதியில் வழக்கமாக 0.25 மி.மீ., கனெக்டருக்கு 0.5. ஆனால் அந்த அரை மில்லிமீட்டரில் எதிர்முனையைச் செருகிப் பிடுங்கும் விரலுக்கு இடம் கிடையாது, பக்கத்தில் உயரமான கெப்பாசிட்டரை வைக்கிறவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

வரைந்து முடித்ததும் 1:1 அளவில் பேப்பரில் அச்சடித்து, அதன் மேல் கனெக்டரை வைத்துப் பார்க்கட்டும். முதல் பின் முதல் பேடில் நிற்கிறதா என்று நீங்களும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஒரு தாள்தான் செலவு, சீனாவிலிருந்து போர்டு திரும்ப வருவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும்.

இதற்கு மதிப்பெண்ணும் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள், உங்களுக்குத் தெரியாததா. கனெக்டர் வாங்கப் பணம் ஒதுக்க முடியவில்லையென்றால் எங்கள் ஆபீசில் மிச்சம் மீதி டப்பா டப்பாவாகக் கிடக்கிறது, பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்புகிறேன். டேட்டாஷீட் மட்டும் தர மாட்டேன், மேலே அச்சடித்திருக்கும் எண்ணை வைத்து அவர்களே தேடட்டும்.