வீட்டிலயும் நல்லாத்தான் இருக்குமாம்

திருகோணமலை
ஆடி, 2025

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சு ரெண்டு கிழமையாச்சு. முழங்கால் ஒப்பரேசன் சரிவந்ததெண்டு அறிஞ்சு சந்தோசம். படி ஏறாதை எண்டு சொல்லலாம், நாலாம் மாடியில இருக்கிறவனுக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? பதில் பிந்தினதுக்குக் கச்சான் காத்துதான் காரணம். பத்து மணிக்குப் பிறகு மூளை அவிஞ்சு போகுது.

“அந்தத் துண்டுப் பிரசுரத்துக்காகவோ ஜெர்மனியை விட்டுப் போனனீ?” எண்டு கேட்டிருந்தாய். தை மாதம் கார்ல்ஸ்ரூவில தபால்பெட்டிக்குள்ள கிடந்தது, விமான ரிக்கற் மாதிரியே அச்சடிச்சு. பயணி: சட்டவிரோதக் குடியேறி. திகதி: 23.02.2025, தேர்தல் நாள். புறப்படுறது ஜெர்மனி, போய்ச்சேருறது ‘பாதுகாப்பான சொந்த நாடு’. அதில இப்பிடி ஒரு வரி: வீட்டிலயும் நல்லாத்தான் இருக்கும். வெளிநாட்டவர் வரக்கூடாதெண்டுற AfD கட்சிதான் அடிச்சது. எல்லாருக்கும்தான் குடுத்தனாங்கள் எண்டு கட்சிக்காரர் சொல்லிச்சினம். கீழ்வீட்டுக் கிழவி தன்ரையைக் கிழிச்சுப்போட்டு, மேல ஏறி வந்து என்னட்ட மன்னிப்புக் கேட்டா. அவ கேட்டதுதான் எனக்குக் கூடச் சுட்டது. முப்பது வருசம் வரி கட்டி, அவங்கட பாஸ்போட்டும் எடுத்தவன், அந்த ரிக்கற்றில என்ர பேர் கிடக்கோ எண்டு தேடிப் பாத்தன் மச்சான். பிறகு தேர்தலில ஐஞ்சில ஒரு வாக்கு அவைக்கு. பேக்கரியில வரிசையில நிக்கேக்க எண்ணத் தொடங்கினன்: ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, இவன்தானோ?

1992 ஆவணி ஞாபகமிருக்கோ? எங்கட அகதி ஹைமில, பொது அறை ரீவியில, ரொஸ்ரொக் நகரத்தில ஒரு மாடிக் கட்டிடம் எரிஞ்சது. நூறுக்கு மேல வியட்நாம் சனம் உள்ளுக்க இருக்க நெருப்பு வைச்சாங்கள். அவை கூரையால ஏறித் தப்பினவை. நெருப்பு எங்களுக்குப் புதுசே, 83 கலவரத்தில திருமலையிலயே பாத்தாச்சு. கீழ நிண்டு கைதட்டினதுகளைத்தான் நான் இண்டைக்கும் மறக்கேல்லை. அடுத்த நாள் நீ நைலோன் கயிறு வாங்கிவந்து எங்கட ஜன்னலோட கட்டினாய். நான் சிரிச்சன். ஆனா இரவில அந்தக் கயிறைத் தடவிப் பாத்துப்போட்டுத்தான் படுத்தனான், உனக்குச் சொல்லேல்லை. அடுத்த வருசமே சட்டத்தை இறுக்கினாங்கள், நெருப்பு வைச்சவனுக்கில்லை, அகதியா வாறவனுக்கு.

சரி, இஞ்சத்தைய கதை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில வெளிநாட்டவர் வரிசையில நிண்டு வந்தன். அதைப் பெரிசா எடுக்கேல்லை. மீன் சந்தையில என்னைக் கண்டா அறக்குளாவுக்கு விலை ஏறும், அதையும் பெரிசா எடுக்கேல்லை. போன கிழமை ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்காகக் கடல்ல முழுகினன். அவர் போகேக்க கையில பயணப் பாஸும் இல்லாமல் அங்க கிடந்தவன், முதல் தரம் என்ர கையால செய்தன். அக்கா காத்தோட்டிக்காய்க் கறி வைச்சா. கசப்பெண்டாலும் மிச்சம் விடேல்லை.

அந்த அக்காவைப் பற்றித்தான் எழுதவேணும். பின் ஒழுங்கையில ஒரு குடும்பம் வந்திருக்கு. நாங்கள் வெளிக்கிட்ட அதே 90 ஆனியில, எங்கட கையில விமானக் காசு இருந்தது, அந்த வீட்டுப் பெண்ணின்ர தகப்பனிட்ட வள்ளக் காசு மட்டும்தான் இருந்தது. தமிழ்நாட்டில மண்டபம் எண்ட கரையூரில இறங்கி, பிறகு அங்கத்தைய அகதி முகாமிலேயே வளந்து, கலியாணம் கட்டி, இப்ப பிள்ளையோட திரும்பியிருக்கிறாள். பிள்ளை வந்து, “அங்கிள், ரெண்டு குடம் தண்ணி புடிச்சுக்கவா?” எண்டு கேட்டுது. பிடி எண்டன். அக்கா குசினிக்குள்ள இருந்து, “வந்தான் வரத்தானுக்கெல்லாம் கேற்றைத் திறந்துவிடாதை” எண்டா. பிள்ளைக்குக் கேக்கிற மாதிரித்தான்.

அவளின்ர தகப்பன் இஞ்ச பக்கத்துச் சாம்பல்தீவு ஆளெண்டன்.

“பிள்ளை கதைக்கிறதைக் கேட்டால் அப்பிடித் தெரியேல்லையே. வீட்டுத்திட்டமும் இனி அவைக்குத்தான் போகப்போகுது.”

ரிக்கற் கதையைச் சொல்லேக்க கண்ணைத் துடைச்சவ இதே அக்காதான். எனக்காக முப்பத்தைஞ்சு வருசம் பத்திரகாளி கோயிலுக்கு நேத்தி வைச்சவ. நான் ஒண்டும் கதைக்கேல்லை, அவ போட்ட சோத்தைச் சாப்பிட்டன். பேக்கரி வரிசையில நிண்டவன் யாரெண்டு இப்ப நினைச்சா, அவனும் ஆருக்கோ நல்ல தம்பியாத்தான் இருந்திருப்பான் போல. அது எனக்கு ஆறுதலாயில்லை.

அண்டையிலயிருந்து கேற்றைப் பூட்டுறேல்லை. பிள்ளை விடிய வந்து தண்ணி எடுக்குது. இரவில மானும் வருது, நான் நட்ட பயித்தங்கொடியை ரெண்டு நாளில மேய்ஞ்சு முடிச்சுதுகள். அக்கா மானுக்கும் பேச்சு, எனக்கும் பேச்சு.

நீ வாறதெண்டா மாரி முடிய, மாசியில வா. கொழும்புக் கோட்டையில இரவு ரயில் எடு, விடிய நான் ஸ்ரேசனில நிப்பன். முழங்காலுக்குப் பூசுற மருந்து அக்காவுக்கும் வேணுமாம். சொக்கிளேற் ரெண்டு பெட்டி கொண்டு வா. ஒண்டு அக்காவுக்கு, மற்றது ஆருக்கெண்டு அவவுக்குச் சொல்லாதை.

உன்ர பழைய அறைக்காரன்